சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும்

தமிழ் எம்.ஏ. படித்தவர் எதை மறந்தாலும் 'சுருங்கச் சொல்லல்' என்பதை மறக்கமாட்டார். நன்னூல் பாயிரத்தில் பவணந்தி அடுக்குகிற பத்து அழகுகளில் அதுதான் முதல். கட்டுரைப் போட்டி நடுவரிலிருந்து சிறுபத்திரிகை ஆசிரியர் வரைக்கும் இதைப் பிரம்பு மாதிரி கையில் வைத்திருக்கிறார்கள். அழகுகளுக்கு முந்தின சூத்திரத்தில் அதே பவணந்தி பத்துக் குற்றங்களையும் சொல்கிறார். அங்கே முதலில் நிற்பது 'குன்றக் கூறல்'. 'மிகைபடக் கூறல்' அதற்கு அடுத்துத்தான். இந்த வரிசையை யாரும் எடுத்துக்காட்டி நான் கேட்டதில்லை.

யாரால் சுருக்கமாகப் பேச முடிகிறது? விட்டதைக் கேட்கிறவன் நிரப்பிக்கொள்வான் என்ற தைரியம் உள்ளவனால். இறையனார் களவியல் 60 சூத்திரத்தோடு நின்றுகொண்டதென்றால், அதைத் தாங்க நீண்ட உரை இருக்கிறது. நன்னூலுக்கே மயிலைநாதர் உரை போதாமல் சங்கர நமச்சிவாயர் விருத்தியுரை எழுதினார்; அதையும் சிவஞான முனிவர் திருத்தினார். சூத்திரத்தின் சிக்கனத்துக்குப் பின்னால் மடம், ஆசிரியன், மாணாக்கன், ஏடு என்று ஒரு முழு ஏற்பாடே இருக்கிறது.

உரைகாரன் வாய்க்காதவர்கள் என்ன செய்வார்கள்? சில வருஷங்களுக்கு முன், கூலித் தகராறில் குடிசை எரிக்கப்பட்ட ஒரு பெரியம்மாவின் பேச்சை நோட்டில் ஏழு பக்கம் எழுதி வந்தேன். ஆடு, பானை, எந்தத் தெருவிலிருந்து யார் வந்தது என்று சுற்றிச்சுற்றிப் போகிற பேச்சு. மூணு இடத்தில் 'அப்பத்தான் உலை வச்சேன்' என்றிருந்தார். 'கூறியது கூறல்' குற்றமாயிற்றே! ஒரே பக்கமாக வெட்டினேன். அச்சில் வந்தது. 'நறுக்குன்னு இருக்கு' என்றார்கள் நண்பர்கள். ஊருக்குப் போய் வாசித்துக் காட்டினேன்.

"எல்லாஞ் சரிதான் தம்பி. உலை வச்சத எழுதலியே?"

உலை வைக்கிற நேரமென்றால் வேலைக்குப் போனவர்கள் திரும்பிவிட்ட நேரம், பிள்ளைகளெல்லாம் உள்ளே. ஆள் இருப்பது தெரிந்தேதான் கொளுத்தினார்கள் என்பதை அவர் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். நான் 'மாலையில்' என்று எழுதிவிட்டேன். குற்றச்சாட்டே போய்விட்டது.

நம் கோட்பாட்டுக் கட்டுரைகளின் வளவளப்புக்கு இதை வக்காலத்தாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றில் முப்பது பக்கம் தாண்டியும் விஷயம் குன்றித்தான் கிடக்கிறது. ஒரே எழுத்தில் முதல் இரண்டு குற்றத்தையும் செய்துகாட்டுகிற சாமர்த்தியம் நமக்கு உண்டு, எனக்கும்தான்.

அந்த ஏழு பக்கத்தையும் இப்போது வெட்டாமல் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று இடத்திலும் உலை இருக்கும்.