முதலில் பாறை, பிறகு விளக்கு

ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கத்துக்குப் போனால், எடுத்த எடுப்பில் கோபுரத்தில் ஏறாதீர்கள். படிகளில் இறங்கி ஏரிக்கரைக்குப் போய் அங்கிருந்து அண்ணாந்து பாருங்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியின் வடகரையில், 130 அடிச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கிறது அது. எண்கோணச் செங்கல் கோபுரம் 54 அடிதான். பக்கத்தில் நின்றால் குட்டையாகத் தெரியும். மீதி உயரம் பாறை தந்தது என்பது கீழிருந்து பார்த்தால்தான் புரியும்.

1905 நவம்பரில் வீசிய ஒரே புயலில் இந்த ஏரியில் ஏறக்குறைய 30 கப்பல்கள் சேதமாயின. இரும்புத்தாது ஏற்றிச் செல்லும் கப்பல்களின் முதலாளிகள் வற்புறுத்தவே, 1907இல் அரசு 75,000 டாலர் ஒதுக்கியது. அன்று இங்கே சாலை கிடையாது. செங்கல்லும் சிமென்ட்டும் ஏரி வழியாக வந்தன. நீராவிப் பாரந்தூக்கி அவற்றைப் பாறைமேல் ஏற்றியது. 1910 கோடையில் விளக்கு எரிந்தது.

இனி மேலே ஏறலாம். உச்சியில் இருக்கும் ஃபிரெனல் லென்ஸ் முன்னால் அவசரப்படாமல் நில்லுங்கள். என் மனதில் இந்த இடத்தின் உயிரே அதுதான். பாரிஸில் செய்த, சிப்பியின் இரு ஓடுகளைப் போன்ற கண்ணாடி அமைப்பு. நடுவில் எரிந்தது மண்ணெண்ணெய் ஆவி விளக்கு. நம் திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸின் தத்துவமேதான். நாலாபுறமும் சிதறும் ஒளியைக் கண்ணாடிப் பட்டகங்கள் வளைத்து, இரண்டே கற்றைகளாக ஏரிமீது அனுப்பின. பாதரசத்தில் மிதப்பதால் அத்தனை கனமான லென்ஸைச் சுழற்றச் சிறு விசையே போதும். அந்த விசையைத் தந்தது, கோபுரத்துக்குள் மெல்ல இறங்கும் ஓர் எடை. அதைக் காவலர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மேலே சுற்றி ஏற்ற வேண்டும், இரவு முழுக்க. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணுங்கள்: 10 விநாடிக்கு ஒரு பளிச்சிடல். தூரத்து மாலுமி இது எந்த விளக்கு என்று அறிந்தது அந்தக் கணக்கால்தான்.

1940இல் மின்சாரம் வந்தது. 1969இல் பணி முடிந்தது. இப்போது மினசோட்டா வரலாற்றுச் சங்கம் இதை 1920களின் தோற்றத்தில் பேணுகிறது. காவலர் வீட்டையும் மூடுபனிச் சங்குக் கூடத்தையும் விட்டுவிடாதீர்கள்.

1975 நவம்பர் 10 அன்று எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பல் இதே ஏரியில் 29 பேருடன் மூழ்கியது. ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்கள் பெயர்களை வாசித்து, மணி அடித்து, விளக்கை ஏற்றுகிறார்கள். முடிந்தால் அன்று வாருங்கள். தடித்த கம்பளிச் சட்டை அவசியம்.