ஊர் கூடி இழுக்கும் ஓட்டு

உள்ளாட்சித் தேர்தலில் கிராமத்து வாக்காளர் கையில் நான்கு சீட்டு கொடுப்பார்கள், நான்கும் நான்கு நிறம். ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் சீட்டுகளில் கட்சிச் சின்னங்கள் வரிசையாக இருக்கும். ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் உரிய சீட்டுகளில் பூட்டு சாவி, ஆட்டோ, கத்திரிக்காய் என்று சுயேச்சைச் சின்னங்கள்தான். கட்சி தன் பெயரில் நிற்க முடியாத இந்த இரண்டு சீட்டுகளை நம்பித்தான் மகளிர் சுயஉதவிக் குழு, பாசன விவசாயிகள் சங்கம், இளைஞர் நற்பணி மன்றம், ஜமாத், ரசிகர் மன்றம் எல்லாம் கைகோத்து இறங்குகின்றன. கட்சிக்காரர்களும் பின்வாசல் வழியாக வந்துவிடுகிறார்கள் என்பது தனிக்கதை.

2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் ஒன்பது மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோது ராணிப்பேட்டை மாவட்டத்தின் காவேரிப்பாக்கம் ஒன்றியமும் அதில் இருந்தது. 2016-இல் பதவிக்காலம் முடிந்த பிறகு ஐந்தாண்டுகள் இந்தக் கிராமங்களைத் தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று சட்டையைப் பிடித்துக் கேட்க ஊருக்குள் ஓர் ஆள் இல்லை. அந்த ஆத்திரம் சிறு குழுக்களுக்கு நல்ல உரமாயிற்று.

கணக்கும் அவர்களுக்குச் சாதகம். சிறிய ஊராட்சியில் ஒரு வார்டுக்குச் சில நூறு ஓட்டுதான். ஒரு மகளிர் குழுவில் பன்னிரண்டு முதல் இருபது பேர். இரண்டு குழு பேசி வைத்துக்கொண்டால், ஆளுக்கு ஒரு வீடு என்று முப்பது வீட்டு ஓட்டு ஒரு பக்கம் சாயும். பத்து ஓட்டு வித்தியாசத்தில் முடிகிற வார்டுக்கு அது போதும். அந்தத் தேர்தலில் விஜய் மக்கள் இயக்கத்தினர் சுயேச்சைகளாக நின்று நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்ததும் பெரும்பாலும் இந்த வார்டு மட்டத்தில்தான். பேனர் கட்டி, ரத்ததானம் நடத்தி, ஊரில் யார் வீடு எங்கே என்று தெரிந்து வைத்திருந்த பையன்கள் அவர்கள். மேடைப் பேச்சைவிட அந்தப் பழக்கத்துக்கே ஓட்டு விழுந்தது என்பது என் கணிப்பு.

காவேரிப்பாக்கம் ஊருக்குள் வந்தால் நிலைமை வேறு. அது பேரூராட்சி. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தலில் அங்கே கட்சிச் சின்னங்கள்தான். தலைவரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். சுற்றுக் கிராமத்தில் வேட்பாளரையே நிறுத்துகிற குழு, இங்கே 'நம்ம தெருப் பெண்ணுக்கு சீட் கொடுங்கள்' என்று கட்சி அலுவலக வாசலில் நிற்கவேண்டியதாகிறது.

குழுக்கள் எதற்காகச் சேர்கின்றன என்று பார்த்தால் முதல் பலவீனம் தெரிகிறது. இந்தப் பக்கத்தில் எல்லாரையும் ஒரே பாயில் உட்காரவைக்கும் விஷயம் தண்ணீர். மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்று சொல்லப்படும் காவேரிப்பாக்கம் ஏரிக்கு வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வருகிறது. வரத்துக் கால்வாய் தூர்ந்தது, கழிவு கலக்கிறது, மதகு சரியில்லை என்றால் ஊரே கொதிக்கும். ஆனால் ஏரி நீர்வளத்துறையின் கையில் இருக்கிறது. தோல் ஆலைக் கழிவைப் பற்றிக் கேட்கவேண்டியவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார். ஊராட்சித் தலைவர் தீர்மானம் போட்டு அனுப்பலாம், அவ்வளவுதான். 'ஏரியை மீட்பேன்' என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லும் வேட்பாளருக்கும் இது தெரியும், அவரை நிறுத்திய சங்கத்துக்கும் தெரியும்.

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவை எதிர்த்து இந்த வட்டாரம் பெற்ற பெரிய வெற்றி ஓட்டுப்பெட்டியில் கிடைத்ததல்ல. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் அந்த வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே குழுக்கள் ஆளைத் தேடவில்லை, கோரிக்கையைத்தான் பிடித்துக்கொண்டன.

ஆளைத் தேடும்போது என்ன ஆகும் என்பதை ஆம்பூருக்கு மேலே மலையில் இருக்கும் நாயக்கனேரியில் பார்த்தோம். 2021-இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் இனப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. மலைவாழ் மக்கள் பெரும்பான்மையாக உள்ள இடத்தில் இந்த ஒதுக்கீடு எப்படி வந்தது என்பது ஊரின் கேள்வி. கேள்வியில் நியாயம் இருக்கலாம், வழக்கும் போட்டார்கள். ஆனால் அதோடு நிற்காமல் ஊர் கூடித் தேர்தலையே புறக்கணித்தது. மனு போட்ட ஒரே பெண் போட்டியின்றித் தேர்வானார், பதவியேற்க முடியவில்லை. ஒற்றுமையில் அந்த ஊருக்குக் குறையே இல்லை. அந்த ஒற்றுமைதான் ஒரு பெண்ணை வெளியே நிறுத்தியது.

தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலை முடக்கியதும் ஊர் ஒற்றுமைதான். தலைவர் பதவியைக் கோயில் பெயரால் ஏலம் விடும் கூட்டத்திலும் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆகவே 'எல்லாரும் ஒருமனதாக' என்று ஒரு கூட்டணி சொன்னால், அந்தப் பாயில் உட்காராதவர்கள் யார் என்று முதலில் கேட்பேன். காலனிப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள்? பெண்கள் பேசினார்களா, கையெழுத்து மட்டும் போட்டார்களா?

மகளிர் குழுக்களுக்கு இன்னொரு சங்கடம். பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்த பிறகு வேட்பாளர் தேடுவோரின் கண் முதலில் குழுத் தலைவிகள் மேல்தான் விழுகிறது. மேடையில் பேசவும் வங்கி மேலாளரிடம் வாதாடவும் பழகியவர்கள், நல்ல தேர்வுதான். ஆனால் குழுவின் கடனும் பயிற்சியும் அரசு அலுவலகங்களைச் சுற்றியே நகர்கின்றன. ஆளும்தரப்பு ஆளை எதிர்த்து நின்றால் அடுத்த கடன் தள்ளிப்போகுமோ என்ற அச்சம், நியாயமோ இல்லையோ, கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்.

இவ்வளவையும் தாண்டித் தங்கள் ஆளைத் தலைவராக்கும் குழுக்கள் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ஊராட்சிக் காசோலையில் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத்தலைவரும் போடவேண்டும். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2021-இல் அந்த மறைமுகத் தேர்தல் அக்டோபர் 22 அன்று நடந்தது. வாக்கு எண்ணி முடிந்ததும் பட்டாசு வெடித்துக் கலைந்த கூட்டணி அந்த நாளில் களத்தில் இருக்காது. உள்ளூர்க் கட்சிக்காரர் இருப்பார், வார்டு உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசியிருப்பார். பிறகு குடிநீர்க் குழாய் பழுது பார்த்த பில்லுக்குத் துணைத்தலைவர் கையெழுத்து போட மறுக்கும்போதுதான், தலைவர் பதவிக்குக் காட்டிய அக்கறையில் பாதியை வார்டுகளுக்குக் காட்டியிருக்கலாமே என்று குழுக்களுக்கு உறைக்கிறது.