மூல ஓலையும் மின்கையொப்பமும்

பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தைப் பாடம் சொல்லும் ஆசிரியர் பெரும்பாலும் அதன் பக்திச் சுவையோடு அமைந்துவிடுகின்றனர். அதனுள் சேக்கிழார் நிறுவிக் காட்டும் வழக்குமன்றத்தின் நுட்பத்தை எடுத்துரைப்பவர் மிகச் சிலரே. பல்லாண்டுகள் அதனை அவ்வாறே கற்பித்த குறை எனக்கும் உண்டு. அக்குறையை உணர்த்தியது கிளமெண்டியில் தொடங்கிய ஒரு சிறு நிகழ்ச்சியாகும்.

யான் மலேசியாவில் தோட்டப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியன். தம்பி கிளமெண்டியில் குடியிருப்பவன். தந்தையார் விட்டுச் சென்ற மனை ஒன்றின் பொருட்டு அவன் எனக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தர வேண்டியிருந்தது. "இதற்காக ஏன் அண்ணே அலைய வேண்டும்? கைப்பேசியிலேயே ஒப்பமிட்டுத் தருகிறேன்" என்றான். சிங்கப்பூரில் 2003இல் தொடங்கிய சிங்பாஸ் அடையாளச் சேவை, 2020 முதல் ஒப்பமிடும் வசதியையும் அளிக்கிறது. அதன்வழி அவன் இட்ட ஒப்பத்தை எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றில் காட்டினேன். "இது உங்கள் தம்பியின் ஒப்பந்தான் என்று நாங்கள் எதனோடு ஒத்துப் பார்ப்பது, ஐயா?" என்று வினவினார் எழுத்தர். சினம் மூண்டது. தம்பி நோட்டரி முன்னிலையில் மையால் ஒப்பமிட்டு அனுப்பிய பின்னரே காரியம் முடிந்தது. எழுத்தர் வினவியது வெண்ணெய்நல்லூர் அவையின் வினாவே என்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று.

கதை யாவரும் அறிந்தது. மணப்பந்தரில் வந்த முதியவர், நாவலூரர் தமக்கு வழியடிமை என்று ஓலை காட்டுகின்றார். நாவலூரர் அதனைப் பறித்துக் கிழிக்கின்றார். கிழிந்தது படி ஓலை. மூல ஓலை வேறு உளது என்று கூறி, முதியவர் வழக்கை வெண்ணெய்நல்லூர் அவைக்குக் கொண்டு செல்கின்றார். அவையோர் அவருடைய முதுமையை நோக்கியோ சொல்வன்மையை நோக்கியோ தீர்ப்பளிக்கவில்லை. மூல ஓலை படிக்கப்படுகிறது. சான்றாளர் எழுத்து ஆராயப்படுகிறது. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலை காப்பிலிருந்து வருவிக்கப்பட்டு, இரண்டும் ஒப்புநோக்கப்படுகின்றன. அதன் பின்னரே தீர்ப்பு. வந்தவர் இறைவனே ஆயினும், அவையின் முறைமையைத் தாண்டி அவர் வென்றதாகச் சேக்கிழார் பாடவில்லை என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. இதனை வெறும் அற்புதமாகப் படிப்போர் புலவரின் கருத்தில் பாதியை இழந்துவிடுகின்றனர் என்பேன்.

ஒப்பத்திற்குச் சேக்கிழார் ஆளும் சொல் கைச்சாத்து. ஈழத்தார் ஒப்பந்தத்தில் 'கைச்சாத்திட்டனர்' என்று இன்றும் எழுதுவர். நாம் வழங்குவது கையொப்பம். இதன் உறுப்பாகிய 'ஒப்பம்' ஒத்தற் பொருளை உள்ளடக்கியது. ஒத்தற்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று நம் கையில் உள்ளது; மற்றொன்று பிறர் காப்பில் இருப்பது. அக்காப்பு நமக்குத் திறக்காதாயின், கையில் உள்ளது வெறுங் கீறலே.

மின்கையொப்பம், மின்னிலக்கக் கையொப்பம் என்னும் இரண்டையும் ஒன்றாகக் கொண்டு எழுதுவோர் பலர். அது பிழை. மின்வழியில் இசைவைக் காட்டும் எதுவும், ஒப்பத்தின் படத்தை ஒட்டுவது உட்பட, மின்கையொப்பத்துள் அடங்கும். மின்னிலக்கக் கையொப்பம் அதன் ஒரு வகை. அதற்கு இணைத் திறவிகள் இரண்டு உண்டு. ஒப்பமிடுவோன் மறைத் திறவியால் ஒப்பமிடுகிறான். பிறர் பொதுத் திறவியால் சரிபார்க்கின்றனர். ஆவணத்தில் ஓர் எழுத்து மாறினும் ஒப்புமை கெடும். ஆயின், அப்பொதுத் திறவி இன்னாருடையது என்று உறுதி கூறுபவர் யார்? சான்றளிக்கும் நிறுவனம். அதுவே இக்காலத்து ஓலைக்காப்பு.

எல்லைச் சிக்கல் எழுவது ஈண்டுத்தான். மலேசியா 1997இலேயே மின்னிலக்கக் கையொப்பச் சட்டம் இயற்றியது. அயல்நாட்டுச் சான்றளிப்போரை ஏற்றற்கும் அதில் இடம் உண்டு. சிங்கப்பூர் 1998இல் மின்னியல் பரிவர்த்தனைச் சட்டம் கண்டு, 2010இல் அதனைப் புதிதாக இயற்றிற்று. இரு நாடுகளும் முந்திக்கொண்டவையே. எனினும், கதவு வைத்த மாத்திரத்தில் வழி நடந்ததாகாது. ஒருவர் காப்பை மற்றவர் எழுத்தர் தம் மேசையிலிருந்தே நோக்கும் ஏற்பாடு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் இதற்கு ஒரு விதி வகுத்தது. ஒவ்வோர் உறுப்பு நாடும் தான் தகுதி கண்ட சான்றளிப்போரின் பட்டியலை வெளியிடுகிறது. ஒரு நாட்டின் தகுதிபெற்ற ஒப்பத்தை 2016 ஜூலை முதல் ஏனைய நாடுகள் ஏற்கின்றன. ஐக்கிய நாடுகளின் வணிகச் சட்ட ஆணையம் 2022இல் வெளியிட்ட மாதிரிச் சட்டமும், சேவை எந்நாட்டது என்று வினவாது, அதன் நம்பகம் நிகரானதா என்றே வினவச் சொல்கிறது. சிங்கப்பூர், சிலி, நியூசிலாந்து ஆகியவை 2020இல் செய்த மின்னிலக்கப் பொருளியல் உடன்பாட்டிலும் அடையாள முறைகளை இயைவிக்கும் நோக்கம் இடம்பெற்றுள்ளது.

"நாடுகளிடை நட்பு இருந்தால் போதாதா?" எனச் சிலர் கேட்பர். போதாது. ஒத்துப் பார்க்க வழியில்லாத நம்பிக்கை ஏமாளித்தனமாய் முடியும். காப்பு முழுவதையும் அயலார்க்குத் திறந்துவிடுவதும் தகாது. வெண்ணெய்நல்லூர் அவை வழக்குக்கு வேண்டிய ஓர் ஓலையை மட்டுமே வருவித்தது. நாவலூரர் குடும்பத்து ஓலைகள் அனைத்தையும் புரட்டிப் பார்க்கவில்லை. உடன்பாடு எழுதுவோர் இவ்வளவையும் மனத்திற் கொள்ளுதல் நன்று.

அந்த எழுத்தரிடம் யான் சினந்தது தவறு. அவர் கேட்டது முறையான வினா. அதற்கு விடை அவர் மேசையில் இல்லாமையே குறை. ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை இப்புராணப் பகுதியைக் கற்பிக்குங்கால், மாணவரை ஒரு கேள்வி கேளுங்கள்: "கிழிந்தது படி ஓலையாயின், மூல ஓலை யாரிடம் உள்ளது?" கைப்பேசியில் ஒப்பமிட்டு வாழப்போகும் தலைமுறைக்கு அக்கேள்வி பயன்படும்.