எற்பாடும் உடலின் திசையும்: மட்டாஞ்சேரி நீர்க்கரையை முன்வைத்து ஒரு தோற்றப்பாட்டியல் நோக்கு

நெய்தலுக்குரிய சிறுபொழுதாகத் தொல்காப்பியம் எற்பாட்டைச் சுட்டுகிறது. எல் என்பது ஞாயிறு. படுதல் என்னும் வினையோ மறைதலையும் தோன்றுதலையும் உணர்த்த வல்லது. ஆதலின் எற்பாட்டை மாலையெனக் கொள்வாரும் காலையெனக் கொள்வாரும் உளர். இவ்விவாதம் பெரும்பாலும் சொல்லாராய்ச்சி அளவிலேயே நின்றுள்ளது. பொழுதை உணரும் உடல் எத்திசை நோக்கி நிற்கிறது என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

பினாமினாலஜி எனப்படும் தோற்றப்பாட்டியல் இவ்வினாவிலிருந்தே தொடங்கும். இடம் என்பது வெற்றுப்பரப்பன்று, உணரும் உடலைச் சார்ந்தே முன், பின் என அமைவது என்பதை மெர்லோ-போந்தி 1945இல் வெளியிட்ட புலனுணர்வு பற்றிய நூலில் விளக்கினார்.

மட்டாஞ்சேரி அரபிக்கடலை அடுத்த ஊர். எனினும் அதன் படகுத்துறையும் பழைய பண்டகசாலைகளும் கிழக்கே காயலை நோக்கியுள்ளன. கோட்டைக் கொச்சியின் மேலைக்கரையில் நிற்பவர் ஞாயிறு கடலில் வீழ்வதைக் காண்பர். மட்டாஞ்சேரித் துறையில் நிற்பவருக்கோ அது முதுகுப்புறத்தில் மறைகிறது. கூரைகளின் நிழல் முதலில் நீரில் விழ, எதிரேயுள்ள வெலிங்டன் தீவில் வெயில் இன்னும் எஞ்சியிருக்கும். மாலை அவருக்குக் காட்சியாக அன்றி, முதுகின் வெம்மை தணிவதாகவும் எதிர்க்கரை மங்குவதாகவுமே வாய்க்கிறது.

அவ்வெதிர்க்கரையோ பெரும்பாலும் மனிதர் ஆக்கியது. 1920இல் கொச்சிக்கு வந்த இராபர்ட் பிரிஸ்டோவின் துறைமுகப் பணியில் தூர்வாரிய சேற்றைக் கொட்டி எழுப்பப்பட்டது அது. இயற்கையைச் சுவைக்க அறிவியல் அறிவு வேண்டும் என 1979இல் வாதிட்ட ஆலன் கார்ல்சன் வழிநின்றால், இதனை இயற்கைத் தீவெனக் கண்டு மகிழ்பவர் பிழையாகவே காண்கிறார். இக்கூற்று ஒரு பாதியே பொருந்தும். சேற்றின் வரலாற்றை அறிந்தபின் தீவு வேறாகிறது. அதன்மேல் படும் ஒளி வேறாவதில்லை. ஊரையும் தொழிலையும் விலங்கு, பறவைகளோடு கருப்பொருளில் அடக்கும் திணைமரபுக்கு இத்தகைய கலப்பு இடர்ப்பாடன்று.

இதுகொண்டு, திணைக் கோட்பாடே தமிழரின் தோற்றப்பாட்டியல் என விரைந்து முடிவுகட்டுதல் தகாது. ஒப்பாய்வுகளில் இவ்வேகம் மிகுதி. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இயைந்த புலனெறி வழக்கமே அகப்பாட்டு. கீழைக்கரைப் புலவன் பாடினும் மேலைக்கரைப் புலவன் பாடினும் நெய்தலுக்கு எற்பாடே உரியது. அங்குப் பொழுதை வரையறுப்பது மரபே. அம்மரபைப் பயில்பவர் மட்டும் ஏதேனும் ஒரு கரையில், ஏதேனும் ஒரு திசை நோக்கி நிற்கிறார்.