பசியின்மையா, உணவச்சமா? உண்ணற் கோளாறுகளும் தமிழ் வாசிப்பும்

கிராஞ்சிப் போர் நினைவிடச் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சிக் காலத்தை அறிந்த சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில், மரவள்ளிக்கிழங்கே உணவாயிருந்த நாள்களின் நினைவும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. அத்தகைய குடும்பத்தின் பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ உணவிருந்தும் உண்ணாது மெலியும்பொழுது, அதனை நோயென ஏற்பது பெரியோர்க்கு எளிதன்று. 'அடம்' என்றோ 'அழகு மோகம்' என்றோ அது பெயர் பெற்றுவிடுகிறது. இத்தயக்கத்தில் நம் கலைச்சொற்களுக்கும் இலக்கிய வாசிப்புக்கும் உள்ள தொடர்பை இங்கு ஆராய முற்படுகிறோம்.

முதலில் கலைச்சொல்லை நோக்குவோம். 1873இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் கல் வழங்கிய 'அனோரெக்சியா நெர்வோசா' என்னும் பெயரிலுள்ள கிரேக்கச் சொல், உண்ணும் விருப்பம் இன்மையைக் குறிப்பது. அதனைப் 'பசியின்மை' எனத் தமிழில் சுட்டும்பொழுது மூலத்தின் பிழையும் உடன் வந்துவிடுகிறது. நோயுற்றோர்க்குப் பசி உண்டு. எடை கூடிவிடுமோ என்னும் பேரச்சம் அதனை அடக்குகிறது. பசியின்மை எனக் கேட்கும் தாய், பசியைத் தூண்டும் மருந்தையே தேடுவாள். 'உணவு மறுப்பு' என்னும் சொல்லோ நோயாளியின் மீது பழியேற்றும். எனவே 'உணவச்ச நோய்' என்பதே பொருந்தும் எனக் கருதுகிறோம்.

மிகுதியாக உண்டபின் வாந்தி முதலியவற்றால் அதனை ஈடுசெய்ய முயலும் நோய்க்கு, 1979இல் ஜெரால்டு ரசல் 'புலிமியா நெர்வோசா' எனப் பெயரிட்டார். 'புலிமியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு எருதின் பசி என்பது பொருள். மணிமேகலையில் காயசண்டிகையைப் பன்னிரண்டாண்டு வருத்திய 'யானைத்தீ' இங்கு ஒப்புநோக்கத்தக்கது. சாபத்தால் விளைந்த அப்பசியும் இந்நோயும் ஒன்றல்ல. ஆயினும் அடங்காப் பசியைப் பெருந்தீனி எனப் பழிக்காது நோயெனக் கொண்ட பார்வை நம் காப்பியத்திலேயே உள்ளது என்பது கருதத்தக்கது.

சங்க அகப்பாடல்களின் வெறியாட்டுத் துறை இதனினும் ஆழ்ந்த வாசிப்பைத் தருகிறது. மகளின் மெலிவைக் கண்ட தாய், முருகன் அணங்கினான் எனக் கருதி வேலனை அழைக்கிறாள், கழங்கு பார்க்கப்படுகிறது, மறி பலியாகிறது. உண்மைக் காரணத்தை அறிந்த தோழி, அறத்தொடு நின்று அதனை வெளிப்படுத்துகிறாள். தலைவியின் மெலிவு காமத்தால் நேர்ந்தது. அதனை உணவச்ச நோயென வலிந்துரைத்தல் ஆகாது. ஆனால் மெலிவு கண்கூடாக இருக்கையில் அதன் காரணம் மறைந்திருத்தல், அன்புடைய தாயே தவறான பரிகாரம் நாடுதல், நம்பிக்கைக்குரிய ஒருத்தி வாய்திறத்தல் என்னும் மூன்றும் இன்றைய குடும்பங்களிலும் காணத்தக்கன. நெகிழ்ந்த வளையையும் நுண்ணிடையையும் அழகென மட்டும் விளக்கி நிற்கும் வகுப்பறை உரை, இம்மூன்றையும் மாணவர்க்குக் காட்டத் தவறுகிறது.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992இல் தொடங்கிய 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம், எடை மிகுந்த மாணவரைத் தனியே பிரித்து உடற்பயிற்சி செய்வித்தது. 'டி.ஏ.எஃப்.' என்னும் அதன் சுருக்கத்தைத் திருப்பினால் 'ஃபேட்' என்றாகும். கேலிக்கு வேறு சொல் வேண்டியதில்லை. 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. உடலைப் பற்றிய சொல் பள்ளியில் எத்துணைக் கூர்மை பெறும் என்பதற்கு அது சான்றாகும்.

இன்று சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் உண்ணற் கோளாறுகளுக்கெனத் தனிச் சிகிச்சைத் திட்டம் உள்ளது. உணவச்ச நோயுற்ற வளரிளம் பருவத்தினர்க்கான குடும்பவழிச் சிகிச்சையில், தொடக்கத்தில் உணவூட்டும் பொறுப்பைப் பெற்றோரே ஏற்கின்றனர். நோய்க்குக் காரணமானோர் என அவர்கள் பழிக்கப்படுவதில்லை. புலிமியாவுக்கு அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை பயன்தருகிறது. எனினும் நோய்க்குப் பெயர் தெரியாத வீட்டிலிருந்து எவரும் மருத்துவமனைக்குச் செல்வதில்லை. நாள்தோறும் மாணவரைக் காணும் தமிழாசிரியர் அப்பெயரைப் பழியின்றிச் சொல்லவும், பள்ளி ஆலோசகரிடம் மாணவரை ஆற்றுப்படுத்தவும் இயலும். அகப்பாடலில் தோழி ஆற்றிய பணியும் அத்தகையதே.