ஷஹீதுக்குக் குளிப்பு உண்டா?

‘கொள்ளைநோயின் சிறப்புகள்’ என்று ஒரு புத்தகத்துக்குப் பெயர் வைக்க உங்களுக்கு மனசு வருமா? அதுவும் அந்த நோய்க்கு மூன்று மகள்களைப் பறிகொடுத்த பிறகு? ஒருத்தர் வைத்திருக்கிறார். அறுநூறு வருஷத்துக்கு முந்தைய கெய்ரோக்காரர். பெயர் இப்னு ஹஜர் அல்-அஸ்கலானி.

மதரஸாவில் ஓதியவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்புக்கு அவர் எழுதிய ‘ஃபத்ஹுல் பாரி’ விரிவுரையைத் தாண்டி இன்றைக்கும் யாரும் போய்விட முடியாது. 1372-இல் பிறந்து, சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, படிப்பில் மேலே வந்து, எகிப்தின் தலைமை நீதிபதி பதவி வரை போய், 1449-இல் இறந்தவர். ஹிஜ்ரி 819-இல் (நம் கணக்கில் 1416-17) வந்த பிளேக்கில் ஃபாத்திமா, ஆலியா என்ற இரண்டு மகள்கள் போய்விட்டார்கள். 833-இல் (1430) மறுபடி வந்தது. இந்தத் தடவை மூத்தவள் ஸைன் காத்தூன். கர்ப்பமாக இருந்தாள்.

அந்த இரண்டாவது பிளேக்குக்குப் பிறகுதான் புத்தகத்தை முடித்தார். ‘பத்லுல் மாஊன்’ என்று ஆரம்பிக்கும் நீளமான அரபித் தலைப்பு. ஜோயல் ப்ளெச்சர், மைராஜ் சையத் என்ற இரண்டு பேர் ஆங்கிலத்தில் பெயர்த்து, 2023-இல் பெங்குவின் கிளாசிக்ஸ் வரிசையில் வந்திருக்கிறது. ‘மெரிட்ஸ் ஆஃப் த பிளேக்.’

இதை நான் தேடிப் பிடித்து வாங்கியது சரித்திர ஆர்வத்தினால் இல்லை. மண்ணடியில் எனக்கொரு நண்பர். 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில், அவருடைய வாப்பா ஓர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அந்த மாதம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜிப் வைத்த பையில் சுற்றிக் கொடுத்தார்கள். முகம் பார்க்க ஜிப்பைக் கொஞ்சம் இறக்கலாம்; ஓதலாம்; தொடத் தேவையில்லாத சடங்குகள் எல்லாம் செய்யலாம். குளிப்பாட்டுவது, முத்தமிடுவது, கட்டிக்கொள்வது கூடாது. 2020 மார்ச்சிலேயே மத்திய சுகாதாரத் துறை போட்ட விதிமுறை அது. அன்றைக்குத் தெரிந்த மட்டும் வைத்துப் பார்த்தால் அதில் தப்பு சொல்ல முடியாது.

நண்பருக்கு உறுத்தல் அங்கேதான். ஒரு மையத்துக்கு உயிரோடிருப்பவர்கள் செய்ய வேண்டியவை நான்கு: குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், ஜனாஸா தொழுகை, அடக்கம். முதலாவதையே செய்யவில்லை. துக்கம் கேட்க போன் பண்ணிய உறவுக்காரப் பெரியவர் ஆறுதல் சொன்னார்: “கொள்ளைநோயிலே மவுத்தானவங்க ஷஹீதுப்பா. ஷஹீதுக்குக் குளிப்பே கிடையாது. நீ ஏன் கவலைப்படறே?”

நல்ல எண்ணத்தோடு சொன்ன வார்த்தைதான். நண்பரால் இரண்டு வருஷம் அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. “நீங்கதான் கண்டதையும் படிக்கிறீங்களே ஸார், அது நிஜமான்னு பாருங்க” என்றார்.

பார்த்தேன். பாதி நிஜம்.

கொள்ளைநோயில் இறப்பவர் ஷஹீத் என்று நபிகள் நாயகம் சொன்ன ஹதீஸ் இருக்கிறது. தண்ணீரில் மூழ்கி இறந்தவர், இடிபாட்டில் சிக்கியவர், வயிற்று நோயில் போனவர், பிரசவத்தில் இறந்த பெண் எல்லாரையும் அந்த வரிசையில் சேர்க்கிறார்கள். ஆனால் ஷஹீதில் இரண்டு வகை. போர்க்களத்தில் விழுந்தவர் ஒரு வகை. 625-இல் உஹதுப் போரில் இறந்தவர்களை ரத்தத்தோடு, குளிப்பாட்டாமல் அடக்கினார்கள். பெரியவர் மனசில் வைத்திருந்தது அதை. மற்றவர்கள் எல்லாம் மறுமையில்தான் ஷஹீத். இங்கே, இந்த மண்ணில், அவர்களுக்குக் குளிப்பு உண்டு, கஃபன் உண்டு, தொழுகை உண்டு. கலீஃபா உமரைத் தொழுகையில் வைத்துக் குத்தினார்கள். அவரையே குளிப்பாட்டித்தான் அடக்கினார்கள் என்று சட்ட நூல்கள் எடுத்துக்காட்டுகின்றன.

அந்தஸ்து கொடுப்பது மேலே உள்ளவன் வேலை. தண்ணீர் ஊற்றுவது மகன் வேலை. ஒன்று கிடைத்துவிட்டது என்பதற்காக மற்றது தள்ளுபடி ஆவதில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இப்னு ஹஜரின் புத்தகத்தைச் சரியாகப் படிக்க முடிந்தது. முதல் தடவை படித்தபோது, சொன்னால் சொல்லிவிட வேண்டியதுதானே, கடுப்பாக இருந்தது.

மகள்களை இழந்த தகப்பனின் கண்ணீரை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் காத்திருக்கிறது. மனிதர் ஹதீஸ்கலை வல்லுநர். யார் யாரிடம் கேட்டார், அவர் நம்பகமானவரா, இன்னொரு வழியாக வந்த வாசகத்தில் ஒரு சொல் மாறுகிறதே ஏன் என்று தோண்டிக்கொண்டே போகிறார். மொத்தம் ஐந்து அத்தியாயங்கள். பிளேக் எங்கிருந்து வந்தது, அது என்ன, அதில் இறப்பது ஷஹீத் அந்தஸ்து, நோயுள்ள ஊருக்குள் போகலாமா, ஊரை விட்டு ஓடலாமா, வந்துவிட்டால் என்ன செய்வது. கடைசியில் அதுவரை வந்த பிளேக்குகளின் பட்டியல். ஒரு சொந்தத் துக்கத்தை இப்படி ரெஃபரன்ஸ் புத்தகமாக மாற்ற முடியுமா என்று ஆச்சரியமாக இருக்கும். சில பேருக்கு அழுகை இப்படித்தான் வரும் போலிருக்கிறது.

எங்கே சறுக்குகிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளேக் என்பது ஜின்கள் குத்துவதால் வருவது என்று ஒரு ஹதீஸ். அதைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக வாதாடுகிறார். கெட்ட காற்றினால் வருகிறது என்று வைத்தியர்கள் சொன்னதை அவர் மறுக்கிற விதம் மட்டும் சுவாரசியம். காற்றுதான் காரணமென்றால் ஒரே வீட்டில் ஒருத்தன் சாகிறான், பக்கத்தில் படுத்தவன் பிழைக்கிறானே, எப்படி என்கிறார். நியாயமான கேள்வி. விடை 1890-களில்தான் வந்தது: கிருமியை 1894-இல் ஹாங்காங்கில் யெர்சின் கண்டார், எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக அது மனிதனுக்கு ஏறுவதை 1898-இல் கராச்சியில் சைமாண்ட் காட்டினார். தெள்ளுப்பூச்சி ஜாதகம் பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் தொற்று என்பதை இப்னு ஹஜர் ஏற்கவில்லை என்பது குறைதான். அவருக்கு முன்னாலேயே கிரானடாவில் இப்னுல் கதீப் என்ற வைத்தியர், தொற்றுவதைக் கண்ணால் பார்க்கிறோமே, வாசகத்தைத்தான் வேறுமாதிரி விளங்கிக்கொள்ள வேண்டும் என்று தைரியமாக எழுதியிருக்கிறார்.

ஆனால் இதே இப்னு ஹஜர்தான் இன்னொரு காரியம் செய்தார். 1430-இன் தொடக்கத்தில் கெய்ரோ ஜனங்கள் மூன்று நாள் நோன்பிருந்து, மழைக்குத் தொழுவதுபோல ஊருக்கு வெளியே பாலைவனத்தில் கூட்டமாகக் கூடிப் பிரார்த்தித்தார்கள். போகும்போது ஊரில் தினச் சாவு நாற்பதுக்குக் கீழே. திரும்பி வந்து அந்த மாதம் முடிவதற்குள் தினம் ஆயிரத்துக்கு மேலே. நடந்ததை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்! அவர் சொல்லும் காரணம் வேறு: நபி வழியில் இல்லாத புதுப் பழக்கம் அது. தனித்தனியாகக் கேளுங்கள், கூட்டம் கூடாதீர்கள் என்கிறார். 2020 மார்ச்சில் கெய்ரோவின் அல்-அஸ்ஹர் அறிஞர்கள், வெள்ளிக்கிழமைத் தொழுகையை நிறுத்திவைக்கலாம் என்று சொன்னபோது எனக்கு இந்தப் பக்கம்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அப்போது படித்திருக்கவில்லை.

சரி, அந்தத் தலைப்பு? கொள்ளைநோய் சிறப்பானது, அதில் செத்தால் சொர்க்கம் என்றால், அப்புறம் மாஸ்க் எதற்கு, ஊசி எதற்கு என்று யாராவது கேட்கத்தானே செய்வார்கள்? கேட்டார்கள். பதினைந்தாம் நூற்றாண்டிலேயே கேட்டார்கள். ஷஹீத் அந்தஸ்து தரும் நோயை விலக்கும்படி பிரார்த்திக்கலாமா என்பதே ஒரு சர்ச்சை. இப்னு ஹஜர் சொல்வது: எதிரி கையால் செத்தாலும் ஷஹீத்தான், அதற்காக எதிரி வரட்டும் என்றா வேண்டுகிறோம்? ஆரோக்கியத்தைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஏழாம் நூற்றாண்டு சம்பவம் ஒன்று. கலீஃபா உமர் சிரியாவுக்குப் புறப்பட்டுப் பாதி வழியில், அங்கே பிளேக் என்று கேள்விப்பட்டுத் திரும்பத் தீர்மானிக்கிறார். தளபதி அபூ உபைதா, இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கிறார். ஆமாம், ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குப் போகிறேன் என்கிறார் உமர். ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு போகிறாய். பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் பசுமை, ஒரு பக்கம் காய்ந்து கிடக்கிறது. எங்கே மேய்த்தாலும் விதிதான், நீ எங்கே மேய்ப்பாய்? அபூ உபைதா தன் ஆட்களோடு அங்கேயே இருந்து அதே நோயில் இறந்தார். இரண்டு பேரையும் மரபு குறை சொல்லவில்லை. இந்த இடத்தை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன்.

ஷஹீத் என்ற சொல் நம் காலத்தில் எப்படிப் பயன்பட்டது என்று பாருங்கள். 2020 ஏப்ரலில் எகிப்தின் தகஹ்லியா மாகாணத்துக் கிராமம் ஒன்றில், கொரோனாவில் இறந்த பெண் டாக்டரை அடக்க விடாமல் ஊரே திரண்டு ஆம்புலன்ஸை மறித்தது. போலீஸ் கண்ணீர்ப் புகை அடித்துத்தான் அடக்கம் நடந்தது. உடனே எகிப்தின் தலைமை முஃப்தி அறிக்கை விட்டார்: இந்த நோயில் இறப்பவர் ஷஹீத்; அவரை அடக்க விடாமல் தடுப்பது ஹராம். அதே ஏப்ரலில், அதே காரியத்தை நம் சென்னையில் கல்லும் கட்டையுமாக நாமும் செய்தோம், ஞாபகம் இருக்கிறதா? ஒரு நரம்பியல் டாக்டரின் சவப்பெட்டியை ராத்திரியில் நண்பர்களே குழி தோண்டிப் புதைக்கும்படி ஆனது. அந்த ராத்திரி கல்லெறிந்தவர்கள் யாரும் வேற்று கிரகத்துக்காரர்கள் இல்லை. ‘ஷஹீத்’ மாதிரி அதட்டி நிறுத்தும் ஒரு சொல் நம் கையில் இருக்கவில்லை.

தண்ணீரைத்தான் நமக்கு மறுத்தார்கள். இலங்கையில் மண்ணையே மறுத்தார்கள். 2020 ஏப்ரலில் அரசிதழ் போட்டு, கொரோனாவில் இறந்த எல்லாரையும் எரித்தே ஆக வேண்டும் என்றார்கள். புதைக்கலாம், எரிக்கலாம், எதுவானாலும் சரி என்று உலக சுகாதார நிறுவனம் முன்பே சொல்லியிருந்தது. நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்றார்கள். டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மனுக்களைத் தள்ளியது. அந்த மாதமே பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையைப் பெற்றோர் சம்மதமில்லாமல் எரித்தார்கள். பொரளை மயான வேலியில் ஜனங்கள் வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். வேறென்ன செய்வது? கஃபன் துணிக்கு அளவு பார்க்க மையத்து இல்லை. 2021 பிப்ரவரி கடைசியில் தடையை எடுத்தார்கள். மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் ஓரிடம் ஒதுக்கினார்கள். தீவு முழுக்க இருந்து அங்கே கொண்டுவந்தார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள், எல்லா மதத்தவரும். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

எரித்தவர்களுக்காகவும் ஜனாஸா தொழுதார்கள். கண்ணெதிரே இல்லாத மையத்துக்கு ‘காயிப் ஜனாஸா’ தொழ மரபில் வழி இருக்கிறது. குளிப்பாட்ட முடியாவிட்டால் என்ன என்பதற்கும் அறிஞர்கள் பல வழி சொன்னார்கள்: தண்ணீருக்குப் பதில் மண்ணால் தயம்மும், பையின் மேலேயே தடவுதல், அதுவும் முடியாவிட்டால் கடமை விலகும். கவனியுங்கள், ‘விலகும்’. ‘இல்லை’ என்று யாரும் சொல்லவில்லை.

அழலாமா என்ற கேள்விக்கும் மரபு இதே மாதிரிதான் பதில் சொல்கிறது. மாரடித்து ஒப்பாரி வைப்பதற்குத் தடை. ஆனால் கைக்குழந்தை இப்ராஹீம் இறந்தபோது நபிகள் நாயகம் அழுதார். நீங்களுமா என்று கேட்டதற்கு இது இரக்கம் என்றார். துக்கம் மூன்று நாள், புருஷனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா. கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்களே என்று நான் முன்பு நினைத்ததுண்டு. 2021-க்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை. மூன்று நாள் கிடைக்காதவர்கள் மூன்று வருஷமாக அழுவதைப் பார்த்தாயிற்று.

புத்தகத்தை நண்பரிடம் கொடுத்தேன். ஜின் அத்தியாயத்தைத் தள்ளிவிட்டுப் படியுங்கள் என்றேன். அவர் தள்ளவில்லை, முழுக்கப் படித்திருக்கிறார். ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, போனில் சொன்ன அந்தப் பெரியவரைப் பற்றியெல்லாம் பேசவில்லை. அவருடைய அப்பா (வாப்பாவின் வாப்பா) இறந்தபோது நடந்ததைச் சொன்னார். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், கடைசிச் செம்பில் கற்பூரம், வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்து மூன்று தடவை. செம்பை எடுத்துக் கொடுக்கிற வேலை பதினாலு வயசுப் பையனான இவருக்கு. ஊற்றியது வாப்பா.

“தண்ணி ரொம்பச் சூடாயிடக் கூடாதுன்னு தன் கையிலே ஊத்திப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க ஸார்” என்றார்.