மலைபடுகடாமும் நம் மலைவழிகளும்

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று ஒப்புவிக்காத தமிழ் மாணவர் இலர். ஆயினும், கோலாலம்பூரைச் சூழ்ந்து நிற்கும் மலைகளுள் மூன்றின் பெயரைச் சொல்லுமாறு கேட்டால், பத்துமலையோடு நின்றுவிடுவோரே பலர். ஏட்டிலுள்ள மலை மனப்பாடமாக இருக்கிறது. கண்ணெதிரே நிற்கும் மலையோ பெயரற்றுக் கிடக்கிறது. இக்குறை மாணவரோடு முடிவதன்று. நம் எழுத்திலும் அது படிந்திருக்கிறது என்பதையும், அதற்கு மருந்து நம் பழைய நூல் ஒன்றிலேயே உண்டு என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குற்றத்தை முதலில் என்னிடமிருந்தே தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ‘நான் ஏறிய மலை’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுத மாணவரைப் பணித்தேன். பெரும்பாலோர் வேங்கை மரத்தையும் தினைப்புனத்தையும் குறிஞ்சிப் பூவையும் எழுதியிருந்தனர். அவற்றுள் எதனையும் அவர்கள் கண்டதில்லை. ஒரு மாணவன் மட்டும் புக்கிட் கியாராவில் செம்மண் சறுக்கியதையும், பால்மர வேரைப் பற்றிக்கொண்டு ஏறியதையும், “இது நான் வாளி தூக்கிய வழி” என்று அவன் பாட்டி காட்டியதையும் எழுதியிருந்தான். வருணனை போதாது என்று சிவப்பு மையால் குறித்து, அவனுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தேன். பயிற்சிக் கல்லூரியில் நான் கற்றுவந்த அளவுகோல் அது. பின்னர், ஆசிரியர்களுக்காக ஒரு சொற்பொழிவு ஆயத்தம் செய்தபோது மலைபடுகடாத்தை மீண்டும் படித்தேன். அன்றுதான் என் பிழை எனக்கு வெள்ளிடை மலையாயிற்று.

மலைபடுகடாம் பத்துப்பாட்டுள் ஒன்று. 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் பெற்றது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பாடியது. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், வறுமையோடு எதிர்ப்படும் கூத்தர்க்கு மலைவழியைச் சொல்லி அனுப்புகிறான். இதனைப் புரவலன் புகழ் பாடும் நூல் என்று மட்டும் கற்பிப்பது நம் வழக்கம். ஆனால், நூலின் பெரும்பகுதி வழியைப் பற்றியது என்பதை நாம் கருதிப் பார்ப்பதில்லை.

அவ்வழி எத்தகையது? பன்றிகளைப் பிடிக்க வைத்த பொறிகள் உண்டு. ஆகவே விடிந்தபின் செல்லுங்கள் என்கிறான். பாம்புகள் உறையும் குழிகள் உண்டு. அறிந்து விலகுங்கள் என்கிறான். புனங்காப்போர் யானைகளை விரட்ட எறியும் கவண்கற்கள் வரக்கூடும். மரங்களில் மறைந்து செல்லுங்கள் என்கிறான். பாசி படர்ந்த பாறை வழுக்கும் இடத்தில் எதனைப் பற்றி நடப்பது என்பதையும் சொல்கிறான். மலையின் ஒலிகளை அடுக்கிச் சொல்லுமிடத்தில் அருவியும் யானையும் மட்டுமா ஒலிக்கின்றன? முள்ளம்பன்றியால் புண்பட்ட கானவர் அழுகிறார்கள். புலி பாய்ந்த கணவர் மார்பின் புண் ஆறுவதற்குக் கொடிச்சியர் பாடுகிறார்கள். கரும்பாலை ஒலிக்கிறது, உலக்கைப் பாட்டு கேட்கிறது. அம்மலை மனிதர் வாழும் மலை. அங்கே அழகு உண்டு. ஆனால் அது உழைப்பிலிருந்தும் துன்பத்திலிருந்தும் பிரிந்து நிற்கவில்லை.

என் நெஞ்சைத் தொட்டது இன்னும் சிறியதோர் இடம். வழிகள் பிரியும் இடத்தில் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுங்கள் என்று அறிவுறுத்துகிறான் அக்கூத்தன். தான் வழியைக் கடந்தால் போதாது; நிலம் அறியாது வரும் புதியவர்க்கும் வழி தெரிய வேண்டும். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் உயிர்நிலை இதுவே எனலாம்.

மேலை நாட்டு நூல் ஒன்றை ஒப்புநோக்குவது இங்குப் பயன்தரும். ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி மாவட்டத்திற்கு வழிகாட்டி நூல் ஒன்றை எழுதினார். 1810-இல் முதலில் வெளிவந்த அது, 1835 வரை திருத்தம் பெற்று வளர்ந்தது. தாம் பிறந்து வளர்ந்த பகுதியின் குன்றையும் பள்ளத்தாக்கையும் பெயர் சொல்லி எழுதியவர் அவர். எந்த இடத்தில் நின்று நோக்கினால் காட்சி சிறக்கும் என்பது அவர் நூலின் முதன்மையான அக்கறை. 1844-இல் அங்கே இருப்புப்பாதை வரவிருந்தபோது, கூட்டம் பெருகி அமைதி கெடும் என்று எதிர்த்தும் எழுதினார். பெருங்கௌசிகனாரின் கூத்தனுக்கோ காட்சியினும் காலே முதன்மை. பசியோடு நடப்பவன் உயிரோடு போய்ச் சேரவேண்டும். ஒருவர் மலையைப் பார்க்கக் கற்பிக்கிறார். மற்றவர் மலையைக் கடக்கக் கற்பிக்கிறார். ஆயினும் இருவர்க்கும் பொதுவான சிறப்பு ஒன்றுண்டு: தம் காலடியில் இருந்த மண்ணைப் பெயர் சொல்லிப் பாடினர். ஏரி மாவட்டம் 1951-இல் தேசியப் பூங்காவானது. ஒரு நிலத்தைக் காக்க மக்கள் முன்வருவதற்கு, அந்நிலம் முன்னரே அவர்கள் மொழியில் இடம்பெற்றிருத்தல் பெருந்துணையாகும்.

இவ்வளவுகோலை நம் எழுத்தின்மேல் வைப்போம். தோட்டப்புற வாழ்வைப் பாடியதில் மலேசியத் தமிழிலக்கியம் குறையுடையதன்று. அகிலன் இந்நாட்டு வாழ்வைக் கண்டு ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலில் கொடுங்காட்டின் ஊடே இழுத்துச் செல்லப்பட்ட நம்மவரின் துயரைப் பதிவு செய்தார். அ. ரெங்கசாமி ‘லங்காட் நதிக்கரை’ என்று சிலாங்கூரின் ஆற்றையே தம் நாவலின் பெயராக்கினார். இவை போற்றத்தக்கவை. எனினும் பொதுநிலையில், நம் கதைகளில் லயன் வீடும், பிரட்டுக் களமும், கள்ளுக்கடையும், மாரியம்மன் கோயிலும் தெளிவாகத் தெரிகின்றன. மேடு பள்ளம் தெரிவதில்லை. மேட்டு நிரையில் மரம் வெட்டியவர் காண்டா வாளியைத் தோளில் சுமந்து சரிவில் இறங்கியபோது எங்கே கால் ஊன்றினார், எங்கே சறுக்கினார், எந்த ஓடையைக் கடந்தார் என்பதை எத்தனை பேர் எழுதினோம்? வறுமையை எழுதினோம், வழியை எழுதவில்லை. நம் மரபுக் கவிதையிலோ மலை வந்தால் அது பெரும்பாலும் பொதிகையாகவோ பழனியாகவோ இருக்கிறது.

எழுதாமையால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. புக்கிட் கியாரா ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டம். இன்று அது நகரத்தார் நடைப்பயிற்சி செய்யும் பசுங்காடு. நடைவழி ஓரங்களில் பழைய பால்மரங்கள் இன்னும் நிற்கின்றன. அத்தோட்டத்து மக்கள் 1980களில் நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டு, நிலையான வீட்டிற்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தனர். விடியற்காலையில் அங்கே நடப்போருள் எத்தனை பேர், யார் உழைத்த சரிவில் நடக்கிறோம் என்பதை அறிவர்? சொல்ல ஓர் ஆற்றுப்படை இல்லை.

வடகிழக்கே கிள்ளான் கேட்ஸ் படிகப் பாறைத் தொடர் நிற்கிறது. புக்கிட் தாபூர் அதன் ஒரு பகுதி. வெண்படிகக் கல்லால் ஆகிப் பல கிலோமீட்டர் நீளும் அம்முகட்டில், உலகில் வேறெங்கும் இல்லாத சில செடிகள் வளர்கின்றன. அதன் அடியில் 1958-இல் கட்டிமுடித்த அணை தலைநகருக்கு நீர் தருகிறது. அவ்வழியே வரும் கிள்ளான் ஆறே பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக ஓடிக் கிள்ளான் நகரைக் கடந்து கடலில் கலக்கிறது. அம்முகட்டில் கால் தவறி உயிரிழந்தோரும் உண்டு. வழுக்கும் பாறையைப் பற்றி எச்சரித்த கூத்தனின் குரல் அங்கே தேவைப்படவில்லையா? மலைபடுகடாமும் மலையோடு நின்றுவிடாமல் சேயாற்றங்கரை வழியே நன்னன் மூதூர்க்குச் செல்கிறது. நம் பள்ளத்தாக்கிலும் மலையும் ஆறும் ஊரும் அதே வரிசையில் அமைந்திருக்கின்றன, பாடுவோர்தாம் இலர்.

மலாய்ப் பெயரும் ரப்பரும் டுரியானும் புகுந்தால் திணைமரபு சிதையாதா என்று சிலர் ஐயுறலாம். தொல்காப்பியர் கருப்பொருளாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கூறுகிறார். இவை அந்தந்த நிலத்தில் தோன்றுபவை. வேறொரு மண்ணின் கருப்பொருளை இம்மண்ணின்மேல் ஏற்றுவதே மரபுக்கு மாறானது. நீலக்குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது. இங்குள்ள மூங்கிலும் இருவாச்சியும் சருகுமானும் பால்மரமும் நம் மலையின் கருப்பொருள்கள். அவற்றை எழுதுபவனே தொல்காப்பியத்தின் வழி நிற்பவன்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைபடுகடாத்தைக் கற்பிக்கும் வாரத்தில் மாணவரைப் புக்கிட் காசிங் போன்றதொரு சிறு குன்றுக்கேனும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பியதும் வருணனை கேளாதீர்கள். நாளை அங்கே வரும் புதியவனுக்கு வழி சொல்லுமாறு கேளுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவர் நடந்த வழியைக் கேட்டுவரச் சொல்லுங்கள். அதனைச் சொல்லக்கூடிய தலைமுறை நாளுக்கு நாள் குறைந்து வருகிறது.

நான் குறைத்த மதிப்பெண்ணை இனித் திருத்த இயலாது. அச்சிறுவன் தன் கட்டுரையில் புல் முடிந்து வைத்திருந்தான். அதனைக் களை என்று எண்ணிப் பிடுங்கியவன் நான். அப்பிழையை அடுத்தவர் செய்யாதிருக்க, வழி பிரியும் இடத்தில் நான் இடும் முடிச்சு இக்கட்டுரை.